மந்திரத்தின் கணக்கு: ‘பாதாள பைரவி’யும் கதை ரசிகரின் அளவுகோலும்

சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் சாலை பங்காருபாளையத்தைத் தாண்டி மொகிலி மலைப்பாதையில் ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு அப்பால், மைசூர்ப் பக்கத்து மேட்டுநிலம் தொடங்கும் இடத்தில் பலமனேர் இருக்கிறது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். அந்த ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சென்னையின் ஆட்சியிலிருந்து விலகியது. தெலுங்கு ஊர்தான். ஆனாலும் கடைத்தெருவில் தமிழும் கன்னடமும் அந்நியமாக ஒலிப்பதில்லை. தெற்கே குப்பம் வரை நீளும் இந்தப் பகுதியில் ஒரே வீட்டுக்குள் இரண்டு மொழிகள் புழங்குவதை யாரும் வியப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த ஊர் இன்னும் சென்னை மாநிலத்தில் இருந்த 1951-ஆம் ஆண்டில் ‘பாதாள பைரவி’ வெளிவந்தது. தெலுங்கு வடிவம் மார்ச் 15-இலும் தமிழ் வடிவம் மே 17-இலும் வந்தன. விஜயா நிறுவனத்தின் பெயரில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தயாரித்தார்கள். இயக்கம் கே.வி. ரெட்டி, எழுத்து பிங்கலி நாகேந்திரராவ், ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி, இசை கண்டசாலா. தமிழில் உரையாடலையும் பாடல்களையும் தஞ்சை ராமையாதாஸ் எழுதினார். தோட்டக்காரியின் மகன் ராமனாக என்.டி. ராமராவும், நேபாள மந்திரவாதியாக எஸ்.வி. ரங்காராவும் நடித்தார்கள். உஜ்ஜயினி இளவரசியாக வந்தவர் கே. மாலதி. 1952 ஜனவரியில் பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தபோது அதில் இந்தப் படமும் திரையிடப்பட்டது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கேட்ட கேள்வி அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதே. இக்கட்டுரை கேட்பது வேறு. சிறு வயதில் படித்தோ கேட்டோ மனத்தில் ஊறிய ஒரு மாயக்கதை திரையில் வரும்போது, அந்தக் கதையை நேசித்தவர் படத்தை எந்த அளவுகோலால் அளக்கிறார்? அந்த அளவுகோலுக்கு ஆய்வு மதிப்பு உண்டா?

மூலத்தைத் தேடும் வழி

‘பாதாள பைரவி’யின் மூலமாக இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, மதிர சுப்பன்ன தீட்சிதுலு தெலுங்கில் எழுதிய ‘காசி மஜிலீ கதலு’. மற்றொன்று அலாவுதீன் கதை.

முதல் நூல் பன்னிரண்டு பாகங்களாக விரிந்தது. மணிசித்தன் என்ற அந்தணர் காசிக்கு நடந்தே போகப் புறப்படுகிறார். துணைக்கு வரச் சம்மதித்த மாடு மேய்க்கும் கோபன் ஒரு நிபந்தனை போடுகிறான்: வழியெல்லாம் கதை சொல்ல வேண்டும். ஒவ்வொரு தங்கலிலும் கோபன் ஊருக்குள் சுற்றிவந்து ஏதோ ஒரு விந்தையைக் கண்டு அதன் காரணத்தைக் கேட்பான். மணிசித்தன் தன்னிடமுள்ள மணியின் உதவியால் அதன் கதையை அறிந்து சொல்லுவார். இப்படிக் கதைக்குள் கதையாகப் பயணம் நீள்கிறது.

அலாவுதீனோடு படத்துக்குள்ள ஒற்றுமை கண்ணுக்கு எளிதில் படும். ஏழைத் தாயின் மகனை ஒரு மந்திரவாதி தேடி வருகிறான். குகைக்கு அழைத்துப் போகிறான். கேட்டதைத் தரும் ஒரு பொருள் இளைஞன் கைக்கு வருகிறது. ஒரே இரவில் மாளிகை எழுகிறது. பொருள் களவு போனதும் மாளிகையோடு இளவரசியும் மறைகிறாள். இளைஞன் தேடிப்போய் மீட்கிறான். விளக்கின் இடத்தில் பைரவியின் சிறு சிலை. எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றே என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அலாவுதீனைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் அங்கும் உறுதியான தரை கிடைப்பதில்லை. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலின் பழைய அரபுச் சுவடிகளில் அலாவுதீன் இல்லை. அலெப்போ நகரத்தைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709-இல் பாரிசில் அந்துவான் கலான் என்ற அறிஞருக்கு வாய்மொழியாகச் சொன்ன கதை அது. கலான் அதைத் தன் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்குள் சேர்த்து அச்சிட்டார். உலகம் முழுவதும் குழந்தைகள் அரேபியாவின் மூலக்கதை என்று நம்பிப் படிப்பது, ஒரு சிரியக் கதைசொல்லி பிரான்சு நாட்டில் அமர்ந்து சொன்னது.

படத்தின் மற்றப் பகுதிகளோ வேறு திசைகளுக்கு அழைத்துச் செல்கின்றன. மந்திரவாதி ராமனைப் பைரவிக்குப் பலியிட நினைக்கிறான். உண்மை தெரிந்த ராமன் அவனையே பலியாக்குகிறான். பலி கேட்டவன் பலியாகும் இந்தத் திருப்பம் விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் புதிதல்ல. வேதாளத்தைத் தூக்கிவரச் சொன்ன துறவியின் முடிவு அதுதான். பிறகு வருகின்ற மாயப் பாதரட்சையும் உருவை மறைக்கும் போர்வையும், அவற்றுக்காகச் சண்டையிடும் இருவரும் பழைய மரபிலிருந்து வந்தவையே. சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய ‘கதாசரித்சாகர’த்தில், பாடலிபுத்திரத்தை நிறுவிய புத்திரகன் கதையில் இதே காட்சி உண்டு. பறக்கும் பாதரட்சைக்காக அசுரன் மக்கள் இருவர் மல்லுக்கட்டுகிறார்கள். வழிப்போக்கன் அவர்களை ஏமாற்றி அதைக் கொண்டு பறந்துவிடுகிறான்.

ஆகவே அலாவுதீனின் எலும்புக்கூடு, வேதாளக் கதையின் முடிச்சு, சோமதேவர் கதையின் பொருள்கள், காசிப் பயணக் கதைகளின் சூழல் எல்லாம் ஒரு படத்துக்குள் கூடியிருக்கின்றன. மூலத்தைத் தேடும் ஆய்வு அவசியமானது. அதை ஒதுக்க இக்கட்டுரை முயலவில்லை. ஆனால் அது, இது அங்கிருந்து வந்தது என்று சொல்லும் இடத்தில் நின்றுவிடுகிறது. கூடிய பொருள்கள் ஏன் ஒட்டிக்கொண்டன, பார்த்தவர்கள் ஏன் இதைத் தங்கள் கதையாக ஏற்றார்கள் என்பதற்கு அது பதில் தருவதில்லை.

குழந்தை இலக்கியமாக ஆனவை

இன்னொரு சிக்கலையும் இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘காசி மஜிலீ கதலு’ குழந்தைகளுக்காக எழுதப்பட்ட நூல் அல்ல. நீண்ட உரைநடை, வடமொழி கலந்த நடை, வயது வந்தோருக்கான காதல் விவரிப்புகள் எல்லாம் அதில் உண்டு. ‘கதாசரித்சாகர’மும் அவ்வாறே. நம் பக்கத்துப் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் சிறுவரை மனத்தில் வைத்து அச்சிடப்பட்டவை அல்ல. அவை குழந்தைகளிடம் வந்து சேர்ந்தது பாட்டிமார் வாய்வழியாகவும், பெரியவர்கள் படித்து வைத்த புத்தகத்தைப் பிள்ளைகள் எடுத்துப் படித்ததாலும்தான். குழந்தைகளுக்கென்று எழுதியவர் இல்லாமலேயே, படித்தவர்களால் குழந்தை இலக்கியமாக ஆனவை இவை. மேற்கிலும் இது நடந்திருக்கிறது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவரின் பயணம் அரசியல் வசை நூல். பிள்ளைகள் அதிலிருந்து குள்ளர் தீவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மாற்றத்துக்கு அச்சில் வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர்கள் நாகிரெட்டியும் சக்கரபாணியும். 1947-இல் அவர்கள் சென்னையில் ‘சந்தமாமா’வைத் தெலுங்கிலும் ‘அம்புலிமாமா’வைத் தமிழிலும் தொடங்கினார்கள். 1949-இல் கன்னடமும் இந்தியும் சேர்ந்தன. 1952 முதல் 1980 வரை இதழின் ஆசிரியப் பொறுப்பைச் சுமந்த கொடவடிகண்டி குடும்பராவ், எதுவும் குறையாமல் குறுக்கிச் சொல்லும் தெளிந்த நடையை அதற்குத் தந்தார். தாசரி சுப்பிரமணியம் மந்திரவாதிகளும் கோட்டைகளும் நிறைந்த தொடர்களை எழுதினார். ‘சித்ரா’ என்ற டி.வி. ராகவனும் ‘சங்கர்’ என்ற கே.சி. சிவசங்கரனும் வரைந்த படங்கள் வழியாகத்தான் பல தலைமுறைகளுக்கு வேதாளம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

‘பாதாள பைரவி’யைத் தயாரித்தவர்களும் இவர்களே. ஒரு வீட்டுத் திண்ணையில் இதழாக விழுந்த கதையுலகமும், ஊர்க் கொட்டகையில் படமாக ஓடிய கதையுலகமும் ஒரே இருவரின் முயற்சி. குழந்தைகளுக்கான மாத இதழ் நடத்துகிறவர்கள் மாயப்படம் எடுக்கும்போது, பார்வையாளரின் பயிற்சியும் படத்தின் பயிற்சியும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இந்தத் தற்செயல் ஆய்வாளர்களுக்குப் பெரும் வாய்ப்பு. அது இதுவரை முழுதாகப் பயன்படுத்தப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எந்த ரசிகர்?

தென்னிந்தியத் திரையில் ரசிகர் என்ற சொல் வந்தாலே நட்சத்திரத்தின் ரசிகர்தான் நினைவுக்கு வருகிறார். ஆய்வும் அவரைத்தான் பின்தொடர்ந்திருக்கிறது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எம்.ஜி.ஆரின் திரைப்படிமத்தையும் அரசியலையும் பற்றி எழுதிய நூல் தமிழ்த் திரையைப் பொறுத்தவரை இவ்விவாதத்தின் தொடக்கப் புள்ளி. தெலுங்கு ரசிகர் மன்றங்களைப் பற்றி எஸ்.வி. ஸ்ரீனிவாஸ் செய்த ஆய்வுகளும், திரையரசியல் பற்றி மாதவ பிரசாத் எழுதியதும் இந்த வழியில் வந்தவை. மதிப்புமிக்க வேலைகள். ஆனால் அவற்றின் மையத்தில் நடிகரின் உடலும் அந்த உடலைச் சுற்றித் திரளும் கூட்டமும் இருக்கின்றன. கதையை நேசிப்பவர் அங்கே தனியாகத் தெரிவதில்லை.

‘பாதாள பைரவி’ இந்தப் பார்வைக்கு ஒரு இடையூறு. ராமராவ் 1949-இல் ‘மன தேசம்’ படத்தில் ஒரு போலீஸ்காரராகத் தோன்றி இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை. ‘பல்லெடூரி பில்ல’, ‘சவுகாரு’, ‘சம்சாரம்’ என்று சில படங்கள் 1950-இல் வந்திருந்தன. வளரும் நடிகர்தான், நாடு கொண்டாடும் உருவம் இன்னும் ஆகவில்லை. ரங்காராவும் ‘சவுகாரு’வில் முரடனாக வந்து அப்போதுதான் பலர் கண்ணில் பட்டிருந்தார். 1951 மார்ச்சில் கொட்டகைக்குள் நுழைந்தவர்களை நட்சத்திரப் பற்று இழுத்து வந்தது என்று சொல்ல முடியாது. படம் நட்சத்திரத்தை உண்டாக்கியது; நட்சத்திரம் படத்தை உண்டாக்கவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. கண்டசாலாவின் பாட்டுக்காக வந்திருக்கலாம். பார்ட்லியின் ஒளிப்பதிவுத் தந்திரங்களுக்காக, மறைவதையும் பறப்பதையும் காண வந்திருக்கலாம். 1942-இல் ஜெமினியின் தெலுங்கு ‘பாலநாகம்மா’ மந்திரவாதிக் கதைக்கு ஏற்கெனவே பாதை போட்டிருந்தது. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் தந்திரக் காட்சி மட்டுமே போதுமென்றால், அந்தக் காலத்தில் வந்து மறைந்த எத்தனையோ மாயாஜாலப் படங்கள் ஏன் நினைவில் நிற்கவில்லை? பாட்டு மட்டுமே போதுமென்றால் இன்றும் ஆட்கள் ஏன் பாட்டைவிட மந்திரவாதியைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்? கதையின் உள்ளமைப்பில்தான் பதிலைத் தேட வேண்டியிருக்கிறது.

விலை, விதி, இருப்பிடம்

அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களோடு மாயக்கதைகளைப் பற்றிப் பேசினால் ஒன்று தெரியும். அழகாக இருந்ததா, உண்மைபோல் இருந்ததா என்பதைவிட அவர்கள் கூர்ந்து பார்ப்பது வேறு. கிடைத்த மந்திரத்துக்கு ஏதேனும் கொடுக்கப்பட்டதா? அந்த மந்திரம் ஒரு கட்டுக்குள் இயங்குகிறதா? கெட்டவனின் சக்தி எங்கே இருக்கிறது, அதை எப்படி எட்டலாம்? முதலாவதை விலை என்றும், இரண்டாவதை விதி என்றும், மூன்றாவதை இருப்பிடம் என்றும் இங்கே குறிக்கலாம். இந்த மூன்றும் சேர்ந்ததே மந்திரத்தின் கணக்கு. கணக்கு தவறினால் பத்து வயதுப் பிள்ளையும், அதெப்படி அப்போது மட்டும் முடிந்தது என்று கேட்டுவிடும்.

விலையை எடுத்துக்கொள்வோம். அலாவுதீன் விளக்கை ஏறத்தாழ எதுவும் தராமல் பெறுகிறான். மந்திரவாதிக்காகக் குகைக்குள் இறங்கியவன் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான்; தேய்த்ததும் பூதம் வருகிறது. ‘பாதாள பைரவி’யில் சிலை அவ்வளவு எளிதில் வருவதில்லை. நீராடப் போன இடத்தில் முதலையோடு போராட வேண்டும். சாப விமோசனம் பெற்ற அந்த முதலை சொல்லித்தான் தன் தலைக்குக் குறி வைக்கப்பட்டிருப்பது ராமனுக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகும் பைரவி சும்மா அருள்வதில்லை. அவளுக்குப் பலி வேண்டும். பலி வந்தபின்தான் சிலை. அலாவுதீன் கதையின் மிகப் பலவீனமான மூட்டில் கே.வி. ரெட்டியும் பிங்கலியும் வேதாளக் கதையின் மிகப் பலமான மூட்டைப் பொருத்தியிருக்கிறார்கள். இதைத் தழுவல் என்று மட்டும் சொன்னால் அந்தப் பொருத்தலின் அறிவு மறைந்துபோகும்.

அந்த விலைக்குப் பின்விளைவும் உண்டு. பலியான மந்திரவாதியைச் சீடன் சதாஜபன் மூலிகையால் உயிர்ப்பிக்கிறான். கொலையால் பெற்ற வரம், கொல்லப்பட்டவனையே எதிரியாகத் திரும்ப அழைத்து வருகிறது. பிற்பாதி முழுக்க ராமன் இழப்பது இதனால்தான். கதையில் எந்தக் கடனும் தீராமல் விடப்படவில்லை.

விதியைப் பார்க்க மாயப் பாதரட்சை நல்ல சோதனைப் பொருள். உலகக் குழந்தைக் கதைகளில் பாதரட்சைகள் பல. பிராங்க் பாம் 1900-இல் எழுதிய ஆஸ் நாட்டு மந்திரவாதி நூலில் டோரத்தியை வீடு சேர்ப்பது வெள்ளிக் காலணி. 1939-இல் படமானபோது, புதிய வண்ணத்தொழில்நுட்பத்தில் எடுப்பாகத் தெரிய அதை மாணிக்கச் சிவப்பாக்கினார்கள். இன்று பலருக்குச் சிவப்புக் காலணிதான் தெரியும்; நூலை நேசித்தவர்கள் வெள்ளியை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் அந்த மாற்றத்தை அவர்களால் பொறுக்க முடிகிறது. காரணம், நிறம் மாறினாலும் விதி மாறவில்லை. தொடக்கத்திலிருந்தே காலில் இருந்த சக்தி, இருப்பது தெரியாததால்தான் பயன்படவில்லை. அதே படம் ஆஸ் பயணம் முழுவதையும் கனவாக்கி முடித்ததோ அவர்களுக்கு ஆறாத வருத்தம். பாமின் நூலில் ஆஸ் உண்மையான நாடு. கனவு என்று சொன்னதும் கொடுத்த விலை எல்லாம் பொய்யாகிவிடுகிறது.

வங்கத்தில் சத்யஜித் ராய் 1969-இல் எடுத்த ‘கூபி காயின் பாகா பாயின்’ இதற்கு இன்னொரு முனை. தாத்தா உபேந்திரகிஷோர் ‘சந்தேஷ்’ இதழில் எழுதிய கதையை எடுத்துக்கொண்டு, இரு நாட்டுப் போரையும் பேய்களின் நீண்ட நடனத்தையும் சேர்த்து ராய் அதை வெகுவாக மாற்றினார். ஆனால் பேய்களின் அரசன் தரும் வரத்தால் உணவு வரவும், மாயப் பாதரட்சை நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகவும், கூபியும் பாகாவும் கை சேர்த்துத் தட்ட வேண்டும். ஒருவரால் முடியாது. இந்த ஒரு விதி படம் முழுக்க ஒருமுறைகூட மீறப்படுவதில்லை. சிறையில் பாதரட்சை இல்லாமல் இருவரும் படும் பாட்டில் சிரிப்பும் பதற்றமும் வருவது அதனால்தான். ராய் கதையை மாற்றினார், கணக்கை மாற்றவில்லை. தாத்தாவின் கதையைப் படித்த வங்கப் பிள்ளைகள் படத்தைத் தங்களுடையதாக ஏற்க இது முக்கியக் காரணமாக இருந்திருக்கும்.

இந்த வரிசையில் ‘பாதாள பைரவி’யின் பாதரட்சையும் போர்வையும் ராமனுக்குத் துணையாக வருகின்றன, வெற்றியைத் தந்துவிடுவதில்லை. அவை மந்திரவாதியின் இருப்பிடம் வரை கொண்டுபோய் விடுகின்றன, அவ்வளவுதான். சிலை இன்னும் மந்திரவாதியிடம். அதற்கு எதிராகப் பாதரட்சையால் என்ன செய்ய முடியும்? மீட்புக்கு வேறு வழி தேட வேண்டும்.

அந்த வழிதான் மந்திரவாதியின் தாடி. மூன்றாவது அளவான இருப்பிடம் இங்கே வருகிறது. கொடியவனின் உயிரோ சக்தியோ அவன் உடம்புக்கு வெளியே, அல்லது உடம்பின் ஒரு சிறு பகுதியில் ஒளிந்திருக்கும் என்பது நம் கதைமரபின் பழைய நம்பிக்கை. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிர் இருக்கும் அரக்கனைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. பாலநாகம்மா கதையின் மந்திரவாதிக்கும் உயிர் கிளியில்தான். விவிலியத்தில் சிம்சோனுக்கு வலிமை தலைமுடியில். கே.வி. ரெட்டியின் படம் இந்த மரபைத் திரைக்கே உரிய வகையில் கையாள்கிறது. கிளி எங்கோ இருக்கிறது; தாடி கண்முன் இருக்கிறது. படம் முழுவதும் அந்தத் தாடியைத் தடவித் தடவித்தான் ரங்காராவ் மிரட்டுகிறார். சக்தியின் இருப்பிடத்தை முதல் காட்சியிலிருந்தே காட்டிவிட்டு, கடைசிவரை பார்வையாளர் அதை வெறும் ஒப்பனை என்று நினைக்கும்படி விட்டிருக்கிறார்கள். இளவரசி விரும்புவாள் என்ற ஆசையில், சீடன் வேடத்தில் வந்தவரின் பேச்சைக் கேட்டு அவனே அதை மழித்துக்கொள்கிறான். அவனை வீழ்த்துவது வாளோ வேறு மந்திரமோ அல்ல, அவனுடைய சொந்த மோகம். படத்தின் எல்லாக் காட்சிகளிலும் இதுவே மிகத் தேர்ந்த கதைவேலை. அலாவுதீனில் இதற்கு ஈடு இல்லை. மயக்க மருந்தும் விஷமும்தான் அங்கே கதையை முடிக்கின்றன.

ஆக, எந்த ஒரு நூலையும் இந்தப் படம் அப்படியே பின்பற்றவில்லை. ஆனால் அந்த நூல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கணக்கை அவற்றில் சிலவற்றைவிடக் கறாராகக் காப்பாற்றியிருக்கிறது. கதை ரசிகர் இதை உடனே உணர்கிறார். மூலநூல் எது என்று அறியாதவர்கூட இது நம்ம கதை என்று சொல்வது இந்த உணர்வினால்தான். அதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்குவது தவறு. அது பயிற்சி பெற்ற வாசிப்பின் முடிவு.

எல்லையிலிருந்து பார்க்கும்போது

இந்தப் படத்தைத் தெலுங்கர்கள் தெலுங்குச் சினிமாவின் பெருமையாகப் பார்க்கிறார்கள். தமிழ்த் திரை வரலாறுகளில் அது ஓரமாக, தெலுங்கிலிருந்து வந்த இருமொழிப் படமாக இடம்பெறுகிறது. இரண்டு பார்வைக்கும் நியாயம் உண்டு. ஆனாலும் இரண்டும் 1953-க்குப் பிந்தைய வரைபடத்தை 1951-இன் மேல் வைத்துப் பார்க்கின்றன. படம் உருவானபோது தயாரிப்பாளருக்கும் பார்வையாளருக்கும் தலைநகரம் ஒன்றே. ஒரே நடிகர்கள் இரு மொழியிலும் நடித்தார்கள். திருத்தணி எங்கே, சித்தூர் எங்கே என்ற வழக்கு முற்றி, 1960 ஏப்ரலில் எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டது எல்லாம் பின்னால்.

பலமனேர் போன்ற ஊர்களின் மதிப்பு இங்கேதான். ‘சந்தமாமா’வும் ‘அம்புலிமாமா’வும் ஒரே மாதத்தில் ஒரே கதையை, ஒரே படத்தோடு, இரு எழுத்தில் கொண்டுவந்தன. இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய பிள்ளை வாழ்ந்த பகுதி இது. அந்தப் பிள்ளைக்கு வேதாளம் ஒரு மொழியின் சொத்தாக இருந்திருக்க முடியாது. இரு வடிவத்துக்கும் பொதுவாக எஞ்சுவது கணக்குதான் என்பதை எல்லைப்புற ரசிகர் யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறார். பிங்கலியின் வசனமும் தஞ்சை ராமையாதாஸின் வசனமும் சுவையில் வேறு. விலையும் விதியும் இருப்பிடமும் இரண்டிலும் ஒன்று. குப்பத்தில் 1997-இல் தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. இரு மொழி இதழ்களையும் படத்தின் இரு வடிவங்களையும் அருகருகே வைத்து ஆராய அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அளவுகோல் எட்டாத இடங்கள்

கணக்கு சரியாக இருப்பதாலேயே கதை சரியாகிவிடுவதில்லை. இரண்டு இடங்களில் இந்த அளவுகோல் மௌனமாகிறது.

முதலாவது செல்வம். தோட்டக்காரி மகனிடம் அரசன் வைக்கும் நிபந்தனை, தன் செல்வத்துக்கு ஈடாகச் சம்பாதித்து வா என்பது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்து, பலமனேருக்கு அருகிலுள்ள புங்கனூர், சற்றுத் தள்ளிக் கார்வேட்டிநகரம், காளஹஸ்தி போன்ற ஜமீன்களின் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. அரண்மனைக்கு நேரே ஏழைப் பையன் நின்று பெண் கேட்பதை ஒரு காலமாற்றத்தின் குரலாக வாசிக்க இடமிருக்கிறது. ஆனால் படம் அரசனின் நிபந்தனையை எதிர்ப்பதில்லை. அதை நிறைவேற்றும் வழியைத்தான் தேடுகிறது. ராமன் இன்னொரு மாளிகைக்கு உரியவனாகிறான். மந்திரத்துக்கு விலை கேட்கும் கதை, மாளிகைக்கு விலை கேட்கவில்லை. இந்த வாசிப்பை அளவுக்கு மேல் இழுக்காமல் இவ்வளவோடு நிறுத்துவதே நேர்மை.

இரண்டாவது இளவரசி இந்துமதி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவளை யாரோ கொண்டுபோகிறார்கள், யாரோ மீட்கிறார்கள். மாலதியின் நடிப்பில் மென்மையும் துணிவும் இருந்தும் கதை அவளுக்குச் செய்ய எதையும் தரவில்லை. இது காலத்தின் குறை என்று சொல்லி விட்டுவிட முடியாது. டோரத்தி 1900-இலேயே தன் காலால் நடந்து வீட்டுக்கு வழி தேடிக்கொண்டவள். தொலைவுக்கும் போக வேண்டாம். விக்கிரமாதித்தன் கதை விற்ற அதே கடைகளில் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையும் தொங்கியது. மதுரையை ஆண்டு, ஆண்களை அருகில் விடாத அல்லியின் கதையைப் பெண்களே வாய்விட்டுப் படித்துக் கேட்டார்கள். மரபு பெண்ணுக்குச் செயலைக் கொடுத்திருந்தது. ‘பாதாள பைரவி’ அந்த மரபிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டபோதும் அதை எடுக்கவில்லை. படத்தில் செயலாற்றும் ஒரே பெண்சக்தி பாதாளத்தில் இருக்கும் பைரவி. அவளும் சிலையாகி, யார் கையில் இருக்கிறாளோ அவர் சொன்னதைச் செய்கிறாள்.

அம்புலிமாமாவைப் படித்த பெண் குழந்தைகள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தார்கள் என்பதை யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை. அவர்களில் பலர் இப்போது எண்பதைக் கடந்தவர்கள். ரசிகர் என்றதும் கொட்டகை வாசலில் தோரணம் கட்டும் இளைஞர்களை மட்டும் தேடிப்போன ஆய்வு, சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் அந்தப் பாட்டிமாரிடம் இரு மொழியிலும் பேசக்கூடிய ஒருவரை அனுப்ப வேண்டிய நேரம் இது.